கைரோபிராக்டர்கிட்ட முதல் தடவை போறீங்களா? நெட்டி முறிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிட்டு போங்க

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில வாஷர்லேர்ந்து ஈரத்துணிய அள்ளி ட்ரையர்ல போடலாம்னு குனிஞ்சேன், குனிஞ்சது குனிஞ்சபடியே நின்னுட்டேன். இடுப்புல யாரோ கொக்கி மாட்டி இழுத்த மாதிரி சுரீர்னு ஒரு வலி. ட்ரையர் கதவைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டுட்டு தான் ஹாலுக்கே வந்து சேர்ந்தேன். கும்பகோணத்துல இருக்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டா, "சுளுக்குடி, வேற ஒண்ணும் இல்ல, காலால பொறந்தவங்க யாராச்சும் இருந்தா ரெண்டு மிதி மிதிக்கச் சொல்லு, சரியாயிடும்"ங்கறாங்க. டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல காலால பொறந்தவங்கள நான் எங்கன்னு போய் தேடறது.

ரெண்டு வாரம் தைலம், ஹாட் பேக்னு ஓட்டுனேன். அப்புறம் ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவ சொல்லி கைரோபிராக்டர்கிட்ட போனேன். ஒரு க்ளினிக்ல ஏமாறப் பார்த்தேன், இன்னொண்ணுல நல்லபடியா முடிஞ்சுது. இப்ப தெரிஞ்சவங்க மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதான் மொத்தமா எழுதி வச்சிடறேன். எல்லாரும் கேக்கற மொத கேள்வி "வலிக்குமா"ங்கறது தான். அதை விடுங்க. அங்க போய் எதை வாய்விட்டு சொல்றீங்க, எதுல கையெழுத்து போடாம வர்றீங்க, மொத விசிட்டே இந்த ரெண்டுல தான் அடங்கியிருக்கு.

முதல்ல இவங்க யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. அம்மா "புத்தூர் கட்டு மாதிரியா"ன்னு கேட்டாங்க, இல்லவே இல்ல, அது எலும்பு முறிவுக்கு. இவங்க மூட்டுகளை, முக்கியமா முதுகெலும்புல இருக்கறதை, கையால சட்டுன்னு ஒரு அழுத்து அழுத்தி அசைச்சு விடறவங்க. 1895-ல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல டேனியல் டேவிட் பாமர்ங்கறவர் ஆரம்பிச்சது. காது சரியா கேக்காம இருந்த ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு முதுகுல அழுத்தினதும் காது கேட்டுச்சுன்னு அவர் சொன்னார், அதுலேர்ந்து எல்லா வியாதிக்கும் முதுகெலும்பு தான் காரணம்னு ஒரு கொள்கையே கிளம்பிடுச்சு. இன்னைக்கும் அப்படி பேசறவங்க இருக்காங்க, ஆஸ்துமா, காதுவலி, கைக்குழந்தை அழறதுன்னு எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க, அந்தப் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க. இடுப்புவலின்னா கதை வேற. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்ங்கற டாக்டர்கள் சங்கம் 2017-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, மாத்திரைக்குப் போறதுக்கு முன்னாடி முயற்சி பண்ணலாம்னு சொன்னதுல ஒத்தடம், மசாஜ்லாம் இருக்கு, இந்த முதுகெலும்பு அசைக்கறதும் இருக்கு. பெரும்பாலான புது இடுப்புவலி என்ன பண்ணாலும் பண்ணாட்டியும் தானாவே குறைஞ்சிடும்னும் அதே இடத்துல சொல்றாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கும், ஆனா பின்னாடி எம்டி இருக்காது, டிசின்னு (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) இருக்கும். காலேஜ் படிச்சு போர்டு எக்ஸாம் எழுதி மாநில லைசென்ஸ் வாங்கினவங்க தான். ஆனா டெக்சஸ்ல இவங்களால மருந்து எழுதித் தர முடியாது.

போறதுக்கு முன்னாடி, போகவே கூடாத கேஸா நாமன்னு பார்க்கணும். கால் ரெண்டும் பலம் இழக்குது, உக்கார்ற இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போச்சு, யூரின் வரமாட்டேங்குது இல்ல கட்டுப்பாடு இல்லாம போகுதுன்னா நேரா எமர்ஜென்சி, கைரோபிராக்டர்லாம் இல்ல. விழுந்து அடிபட்டதுக்கப்புறம் வந்த வலி, காய்ச்சலோட வர்ற வலி, காரணமே இல்லாம எடை குறைஞ்சுக்கிட்டு வர்றது, முன்னாடி கேன்சர் வந்தவங்க, ராத்திரி படுத்தா கூடற வலி, இதெல்லாம் மொதல்ல உங்க ஃபேமிலி டாக்டர் பார்க்கணும். எலும்பு தேய்மானம்னு நாம ஈசியா சொல்லிடுவோம், அதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு: மூட்டு தேயறது ஒண்ணு, எலும்பே பலமிழந்து பொறுபொறுன்னு ஆகறது இன்னொண்ணு. ரெண்டாவது தான் ஆஸ்டியோபோரோசிஸ், அது இருக்கறவங்க முதுகுல யாரும் வேகமா அழுத்தக் கூடாது.

சரி, போகலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. க்ளினிக்க தேர்ந்தெடுக்கறப்ப கூகுள் ஸ்டார் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. டெக்சஸ் போர்டு ஆஃப் கைரோபிராக்டிக் எக்ஸாமினர்ஸ் சைட்ல பேரைப் போட்டா லைசென்ஸ் உயிரோட இருக்கா, நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்காங்களான்னு பார்த்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை, மத்த மாநிலத்துக்கும் அவங்கவங்க போர்டு இருக்கு. அப்புறம் இன்சூரன்ஸ் கார்டுக்குப் பின்னாடி இருக்க நம்பருக்கு போன் பண்ணுங்க. க்ளினிக் ரிசப்ஷன்ல "வீ டேக் யுவர் இன்சூரன்ஸ்"னு சொன்னா நம்பி உக்காந்துடாதீங்க, எடுத்துக்கறது வேற, இன்நெட்வொர்க்ல (இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டவங்க லிஸ்ட்ல) இருக்கறது வேற. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட கேக்கறப்ப கோடு நம்பரோட கேளுங்க, அப்ப தான் மழுப்பாம பதில் வரும். 98940-ன்னா முதுகெலும்புல ஒண்ணு ரெண்டு பகுதிய அசைக்கறது, 98941-ன்னா மூணு நாலு பகுதி (பில்லுக்காக முதுகை கழுத்துலேர்ந்து இடுப்பெலும்பு வரைக்கும் அஞ்சா பிரிச்சு வச்சிருக்காங்க), புது பேஷன்ட்டை சோதிச்சுப் பார்க்கறதுக்கு 99203 மாதிரி தனி கோடு வரும். இதுக்கெல்லாம் என் பங்கு எவ்வளவு, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நாம கட்ட வேண்டிய தொகை) முடியணுமா, வருஷத்துக்கு எத்தனை விசிட், எச்எம்ஓ பிளான்னா ஃபேமிலி டாக்டரோட ரெஃபரல் வேணுமா, இவ்வளவும் கேட்டு பேசினவங்க பேரு, தேதி, கால் ரெஃபரன்ஸ் நம்பர் எழுதி வச்சுக்கோங்க. ஓவரா தெரியும். ஜனவரியில டிடக்டிபிள் சைபர்லேர்ந்து ஆரம்பிச்சு முழு பில்லும் வீட்டுக்கு வர்றப்ப தெரியாது. கார் ஆக்சிடென்ட்ல வந்த வலின்னா அதை மொத போன்லயே சொல்லிடுங்க, பில் போற பாதையே வேற.

இப்ப நான் ரொம்ப திணறின இடத்துக்கு வர்றேன். முதல் விசிட்ல முக்காவாசி நேரம் பேச்சுதான். எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேட்டே குடைஞ்சிடுவாங்க, நமக்கோ வலிக்கு தமிழ்ல தான் வார்த்தை வருது. நான் அங்க உக்காந்துக்கிட்டு "பிடிச்ச மாதிரி இருக்கு"ங்கறதுக்கு இங்கிலீஷ் தேடறேன், "லைக் கேட்சிங்"னு உளர்றேன், அந்த கைரோபிராக்டர் அம்மா பாவம் பேனாவை நிறுத்திட்டு பார்க்கறாங்க. அதனால வீட்லயே மொழிபெயர்த்துட்டு போங்க. சுரீர்னு, சுருக்குன்னு குத்தறது ஷார்ப். இடுப்புல கிளம்பி பின்தொடை வழியா கால் வரைக்கும் இழுத்துக்கிட்டு போறது ஷூட்டிங், இல்ல ரேடியேட்டிங். விண்விண்ணுன்னு தெறிக்கறது த்ராபிங். நாள் முழுக்க ஒரு மாதிரி கடுத்துக்கிட்டே இருக்கறது டல் ஏக். திகுதிகுன்னு எரியறது பர்னிங். எறும்பு ஊர்ற மாதிரி, ஊசி குத்தற மாதிரின்னா டிங்க்ளிங், மரத்துப்போச்சுன்னா நம்ப். இந்தக் கடைசி ரெண்டும் நரம்பு சம்பந்தப்பட்டது, எந்த விரல் வரைக்கும் போகுதுன்னு கூட சொல்லணும். கட்டைவிரலா, சுண்டுவிரலாங்கறதை வச்சே எந்த இடத்துல நரம்பு நசுங்குதுன்னு ஒரு கணக்கு போடுவாங்க.

வாயுப்பிடிப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "கேஸ்"னு சொன்னா அவங்க வயித்தைப் பார்ப்பாங்க. உடம்பு சூடுங்கறதும் அப்படித்தான், தெர்மாமீட்டர எடுத்துடுவாங்க.

வலிக்கு சைபர்லேர்ந்து பத்து வரைக்கும் மார்க் கேப்பாங்க. நம்ம வீட்டுப் பொம்பளைங்க இதுல ரொம்ப மோசம், நிமிர முடியாம நிக்கறப்ப கூட "மூணு இருக்கும்"னு சொல்லுவோம், பரவாயில்லன்னே சொல்லிப் பழகிடுச்சு. மார்க்கை விட செய்ய முடியாத வேலைய சொல்லுங்க. எனக்கு சப்பாத்தி மாவு பிசைய முடியல, காருக்குள்ள குனிஞ்சு குழந்தையோட சீட்பெல்ட் மாட்ட முடியல, ராத்திரி புரண்டு படுக்கணும்னா முழிச்சு தான் படுக்கணும், இதைச் சொன்னப்ப தான் அந்தம்மா குனிஞ்சு நிறைய எழுதினாங்க. எப்ப ஆரம்பிச்சுது, என்ன பண்ணா கூடுது, எதுல குறையுது, காலையில மோசமா சாயங்காலம் மோசமா, ஒரு வாரத்துக்கு போன்ல குறிச்சு வச்சீங்கன்னா அதை விட நல்ல தயாரிப்பு எதுவும் இல்ல.

மருந்து லிஸ்ட் எடுத்துட்டு போங்க, சும்மா ஞாபகத்துல சொல்லாதீங்க. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு சாப்பிடற மாத்திரை, வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின், இதெல்லாம் கட்டாயம் தெரியணும். ரொம்ப நாளா ஸ்டீராய்ட் எடுத்தவங்களும் சொல்லணும், அது எலும்பைக் கரைக்கும். ஊர்லேர்ந்து பாட்டில்ல வந்த சித்த மருந்து, கஷாயம், லேகியம் எல்லாம் மருந்து தான், "அது நேச்சுரல்ங்க"ன்னு விட்டுடாதீங்க. கர்ப்பமா இருந்தாலோ இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலோ எக்ஸ்ரே பேச்சு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும். பழைய எம்ஆர்ஐ, எக்ஸ்ரே இருந்தா ரிப்போர்ட் பேப்பரோட சிடியும் எடுத்துக்கோங்க. ஆபரேஷன், ஸ்க்ரூ, பிளேட், பேஸ்மேக்கர் எல்லாத்தையும் ஃபார்ம்ல எழுதுங்க. ஃபார்ம்கள் ஏழெட்டு பக்கம் வரும், முந்தின நாளே லிங்க் அனுப்பினா வீட்லயே நிரப்பிடுங்க, வெயிட்டிங் ரூம்ல கிளிப்போர்டை மடியில வச்சுக்கிட்டு அவசரத்துல டிக் அடிச்சா தப்பு வரும்.

ட்ரெஸ் விஷயம் சின்னது, ஆனா நான் டைட் ஜீன்ஸ்ல போய் முட்டிய மடக்க முடியாம அவதிப்பட்டேன். லூஸா ஒரு பேன்ட், டிஷர்ட் போதும். அந்த டேபிள்ல தலை வைக்கற இடத்துல நடுவுல ஓட்டை விட்டு பேப்பர் போட்டிருப்பாங்க, அதுல முகத்தைப் புதைச்சு குப்புறப் படுக்கணும். அதனால பெரிய க்ளிப், உயரக் கொண்டை வேண்டாம். தொங்கற கம்மல், தாலிச்செயின், கழுத்துல கிடக்கறது எல்லாம் கழட்ட வேண்டி வரலாம், சின்ன ஜிப் பர்ஸ் ஒண்ணு கொண்டு போங்க. தாலிய கழட்ட மனசு வரலைன்னா முதுகுப்பக்கம் அழுத்தறப்ப உறுத்தாத மாதிரி ஒதுக்கி வச்சுக்கறேன்னு சொல்லுங்க, அவங்களுக்கு அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. தலை நிறைய எண்ணெய் வச்சுட்டு போகாதீங்க. சாம்பார் சாதம் வயிறு முட்ட சாப்பிட்டு போய் குப்புறப் படுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அங்க போனதும் நல்ல ஆளா இருந்தா உடனே நெட்டி முறிக்க மாட்டாங்க. நிக்கச் சொல்லி, குனியச் சொல்லி, குதிகால்ல நட, விரல் நுனியில நடன்னு சொல்லி பார்ப்பாங்க. முட்டியில சுத்தியல் தட்டுவாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு முட்டிய மடக்காம காலை மெதுவா தூக்குவாங்க, அப்ப கால் வழியா மின்சாரம் மாதிரி இழுத்தா உடனே சொல்லணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கற இடம் அது இல்ல. எதையும் தொட்டுப் பார்க்காம, கேள்வி கேக்காம நேரா டேபிள்ல படுங்கன்னா எழுந்து வந்துடுங்க.

எக்ஸ்ரே எல்லாருக்கும் வேணும்னு சொன்னா எதுக்குன்னு கேளுங்க. அமெரிக்கன் கைரோபிராக்டிக் அசோசியேஷனே 2017-ல சொல்லியிருக்கு, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத புது இடுப்புவலிக்கு மொத ஆறு வாரத்துல எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டாம், முன்னேற்றம் பார்க்கறேன்னு திரும்பத் திரும்ப எடுக்கறதும் வேண்டாம்னு. அவங்க சங்கமே சொன்னதை நாம சொன்னா கோச்சுக்க முடியாதுல்ல.

அப்புறம் அந்தச் சத்தம். ஒருக்களிச்சு படுக்க வச்சு, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கம் இடுப்பை ஒரு பக்கம் திருப்பி, மூச்சை வெளியே விடுங்கன்னு சொல்லிட்டு ஒரு அமுக்கு. படக்குன்னு ஒரு சத்தம், எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு, ஆனா வலிக்கல. எலும்பு உடையற சத்தமும் இல்ல, விலகின எலும்பு உள்ள போய் உக்கார்ற சத்தமும் இல்ல. மூட்டுக்குள்ள இருக்க திரவத்துல வாயுக்குமிழி உண்டாகறது தான், 2015-ல கனடாவுல ஆல்பெர்டா யுனிவர்சிட்டியில விரல் நெட்டி எடுக்கறப்பவே எம்ஆர்ஐ-ல படம் புடிச்சுக் காட்டினாங்க. நம்ம ஊர்ல வாயுப்பிடிப்புன்னு சொல்றதுல ஒரு பாதி சரியாத்தான் போச்சு. சத்தம் வரலைன்னா ட்ரீட்மென்ட் வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்ல. சத்தம், திருகல் ரெண்டும் பயமா இருந்தா ஆக்டிவேட்டர்னு கையடக்கமா ஸ்பிரிங் வச்ச ஒரு கருவி இருக்கு, டக்டக்குன்னு மெதுவா தட்டும், டேபிளோட ஒரு பாகம் லேசா கீழ இறங்கற டைப்பும் இருக்கு. முன்னாடியே கேட்டா மாத்திக்குவாங்க.

கழுத்து மட்டும் தனி. இடுப்புவலிக்குப் போன என்னையே "கழுத்தையும் ஒரு தடவை பார்த்துடலாமா"ன்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். கழுத்தை வேகமா திருப்பறதுக்கும் மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழியறதுக்கும் அபூர்வமா தொடர்பு இருக்கறதா, அதனாலதான் நடந்துச்சுன்னு நிரூபணம் ஆகலைன்னாலும் பேஷன்ட்டுகிட்ட முன்கூட்டியே சொல்லணும்னு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2014-ல சொல்லியிருக்கு. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, ட்ரீட்மென்ட்டுக்கு சம்மதம்னு தர்ற கன்சென்ட் ஃபார்ம்லயே "நோ நெக் மேனிப்புலேஷன்"னு கையால எழுதி கையெழுத்து போடலாம். நம்ம ஊர் சலூன்ல கட்டிங் முடிஞ்சதும் தலைய புடிச்சு மளுக்குன்னு ஒரு திருப்பு திருப்புவாங்களே, அதையும் இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன், கேக்கற மாதிரி தெரியல.

கையெழுத்து கதைக்கு வர்றேன். நான் மொதல்ல போனது ஃப்ரீ கன்சல்டேஷன் கூப்பன்ல. நுழைஞ்சதும் எக்ஸ்ரே, அடுத்த நாள் வாங்க ரிப்போர்ட் பேசலாம்னாங்க, துணைக்கு கணவரையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க, அப்பவே எனக்கு பொறி தட்டியிருக்கணும். மறுநாள் ஒரு பெரிய ஸ்கிரீன்ல என் முதுகெலும்பு, அதுல சிவப்புல கோடு, இப்படியே விட்டா அஞ்சு வருஷத்துல எப்படி ஆகும்னு பக்கத்துல வேற யாரோட எலும்போ. 36 விசிட், இன்னைக்கே மொத்தமா கட்டினா டிஸ்கவுன்ட். பேனா கையில வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் பொறுமையா "பன்னெண்டாவது விசிட்லயே வலி போயிட்டா மீதி பணம் திரும்ப வருமா"ன்னு கேட்டார், அந்தாளு சிரிச்ச சிரிப்புலயே பதில் தெரிஞ்சுடுச்சு, வீட்ல யோசிச்சு சொல்றோம்னு கிளம்பிட்டோம். ரெண்டாவது க்ளினிக்ல அந்தம்மா சொன்னது, ஆறு தடவை வாங்க, அதுக்குள்ள குனிய நிமிர முடியலைன்னா நானே வேற டாக்டர்கிட்ட அனுப்பறேன். எனக்கு நாலுலயே சரியாச்சு, அவங்க சொல்லிக்கொடுத்த மூணு எக்சர்சைஸ்ல ஒண்ணை இன்னும் பண்றேன், ரெண்டை மறந்துட்டேன். அதனால மொத நாள் பணம் கட்ட வேண்டியது அன்னைக்கு செஞ்ச வேலைக்கு மட்டும் தான்.

முடிஞ்சு வந்தப்புறம் ஒருநாள் ரெண்டுநாள் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அது சகஜம், அன்னைக்கு சாயங்காலம் காஸ்ட்கோ போய் 20 பவுண்டு அரிசி மூட்டை தூக்காதீங்க, கொஞ்சம் நடங்க. ஆனா இதுவரைக்கும் வராத மாதிரி திடீர்னு கடுமையான தலைவலி, கழுத்துவலி, தலைசுத்தி தள்ளாடறது, ரெண்டு ரெண்டா தெரியறது, பேச்சு குளறறது, வாய் ஒரு பக்கம் கோணறதுன்னா 911 தான், க்ளினிக்குக்கு போன் போட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது.

ஊர்லேர்ந்து ஆறு மாசம் வந்திருக்க அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறதா இருந்தா எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்தாச்சான்னு மொதல்ல பாருங்க, எடுக்கலைன்னா வேகமா அழுத்தற வேலையே வேண்டாம்னு சொல்லிடுங்க. உள்ள நீங்களும் கூட போங்க, "நல்லா இருக்கு தம்பி"ன்னு அவங்க எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடுவாங்க. விசிட்டர் இன்சூரன்ஸ்ல பழைய வலிக்கு பெரும்பாலும் பணம் வராது, கையிலேர்ந்து தான் கட்டணும். ஆனா 2022-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, இன்சூரன்ஸ் இல்லாம கையிலேர்ந்து கட்டறவங்களுக்கு செலவு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே எழுத்துல தரணும், குட் ஃபெய்த் எஸ்டிமேட்னு கேளுங்க. கடைசி பில் அதை விட 400 டாலரோ அதுக்கு மேலயோ ஏறினா எதிர்த்து முறையிடலாம். மூணுலேர்ந்து ஒம்பது வேலை நாளுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் போட்டீங்கன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள, பத்து வேலை நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி போட்டீங்கன்னா மூணு வேலை நாளுக்குள்ள, அந்த எஸ்டிமேட் கையில வந்துடணும்.

வர்றப்ப கவுன்டர்ல "ஐட்டமைஸ்டு ரிசீட்"னு கேட்டு வாங்குங்க, கார்டு தேய்ச்ச சீட்டு மட்டும் பத்தாது. மருத்துவச் செலவுக்குன்னு வரி இல்லாம பணம் சேர்த்து வைக்கற எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்கு ரெண்டுலயும் கைரோபிராக்டர் செலவை எடுத்துக்கலாம், ஆனா தேதி, கோடு, தொகை மூணும் ரிசீட்ல இருக்கணும். நான் மொத ரெண்டு ரிசீட்டை காருக்குள்ளயே விட்டு, டெக்சஸ் வெயில்ல எழுத்தெல்லாம் மறைஞ்சு வெள்ளைப் பேப்பரா தான் எடுத்தேன். பார்க்கிங் லாட்லயே ஒரு போட்டோ எடுத்துடுங்க.